தவணையில் வாங்கினால் விலை அதிகம் என்று தெரிந்தும் குறைந்த வருமானக்காரர்கள் ஏன் அப்படியே வாங்குகிறார்கள்? மாதம் கொஞ்சம் சேர்த்து வைத்து ரொக்கமாக வாங்கலாமே?

என் அப்பா திருப்பூரில் தவணைக்காரர். டிவிஎஸ் 50-யின் பின்னால் எவர்சில்வர் அண்டாவையும் குக்கரையும் கட்டிக்கொண்டு லைன் வீடுகளுக்கு (வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வாடகை வீடுகள்) போய் விற்று, வாரா வாரம் வசூல் செய்தவர். என்னைப் படிக்க வைத்தது அந்தக் காசுதான். அதனால் இந்தக் கேள்விக்கு நான் நடுநிலையாகப் பதில் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் "நிதி அறிவு இல்லாததால்தான்" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும்.

கேட்டவர் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன். "மாதம் கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை. அதுவும் ஆர்டர் இருந்தால் முழு வாரம், இல்லையென்றால் வாரத்துக்கே மூன்று ஷிப்ட்தான். அடுத்த சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் மாதம் இவ்வளவு என்று எடுத்து வைப்பது எப்படி?

சேர்த்து வைக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சீட்டுப் போடாத வீட்டை எங்கள் லைனில் நான் பார்த்ததில்லை. இருபது பேர் மாதா மாதம் ஆளுக்கு 500 போட்டு 10,000 ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் 2,500 தள்ளி 7,500-க்கு எடுப்பார். அந்தத் தள்ளுபடி மற்றவர்களுக்குப் பிரியும். மகள் சடங்குக்கோ ஸ்கூல் ஃபீஸுக்கோ முதல் மாதங்களிலேயே எடுத்தவரும் மீதி மாதங்கள் முழுக்கக் கட்டியாக வேண்டும். தீபாவளிச் சீட்டு தனி. அதில் பணத்தோடு ஓடிப்போன ஆட்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. சட்டம் இருக்கிறது, 1982-லேயே சீட்டு நிதிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் தெரு முனை அக்கா நடத்தும் சீட்டைப் பதிவு செய்துவிட்டா நடத்துகிறார்கள்?

வீட்டில் காசாக வைத்தால் அது நிற்காது. அரிசி டப்பாவில் இரண்டாயிரம் இருப்பது தெரிந்தால் கொழுந்தனுக்குக் காய்ச்சல் வரும், ஊரில் ஒரு சாவு விழும், புருஷனுக்கு நண்பர்கள் வருவார்கள். இருக்கிற காசை இல்லை என்று சொல்ல நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு சுலபமா? "தவணைக்காரருக்குக் கட்டணும்" என்றால் மட்டும் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். அந்த வாரத்து நூறு ரூபாயை வீட்டிலிருந்து காப்பாற்றி வெளியே கொண்டுவர அது ஒரு வழி. அண்டா மிஞ்சும். காசாக இருந்தால் எதுவும் மிஞ்சாது.

இப்போது வட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் கமெண்டில் அதைத்தான் கேட்பீர்கள். கடையில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை அப்பா 2,000-க்குக் கொடுப்பார். கையோடு 200, மீதி வாரம் நூறு வீதம் 18 வாரம். நான் பி.காம் படித்தபோது இதற்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருட வட்டி 190 சதவீதம் போல வந்தது. அப்பாவிடம் காட்டினேன். "சரி, இந்த ஊர்ல யாரு பதினெட்டு வாரத்துல கட்டி முடிச்சிருக்காங்க, ஒரு பேர் சொல்லு" என்றார். உண்மைதான். முப்பது வாரம் ஆகும், நாற்பது ஆகும், அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட்ட மாட்டார். முப்பது வாரம் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் நூறு சதவீதத்துக்கு மேல் போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் பெட்ரோல், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள், பாத்திரத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்களின் பாக்கி எல்லாம் அடக்கம். பெரிய லாபம் இருந்திருந்தால் நாங்கள் சொந்த வீட்டில் இருந்திருப்போம்.

கந்துவட்டிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கிளம்பிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. தண்டல் என்கிற தினசரி வசூல் கடனில் பத்தாயிரம் என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுத்து, நூறு நாளைக்கு நூறு நூறாக வாங்குவார்கள். பேச்சுக்குப் பதினைந்து பர்சென்ட் என்பார்கள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு 120 சதவீதம் வரும். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்பதெல்லாம் அதற்கும் மேலே. இவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டார்கள், தண்டல் என்ற பெயரும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2017-ல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பம், குழந்தைகளோடு, தீக்குளித்தது. அந்தச் செய்தி வந்த வாரம் என் அப்பா வசூலுக்கே போகவில்லை. "எவனாவது நம்மளையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துருவான்" என்றார். சேர்க்கவும் செய்தார்கள். எனக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டில் "வட்டிக்காரன் பையன்" என்று சொல்லித்தான் தட்டிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் தனியார் பைனான்ஸில் மேனேஜர். சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை வசூல். லீவு நாட்களில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். ஏழு மணிக்கெல்லாம் லைனில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் காசு கறிக்கடைக்கும் மளிகைக்கும் போயிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அட்டை இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் அல்லது டிவி மேல். தேதி, வரவு, பாக்கி, கையெழுத்து. அதே கணக்கு அப்பாவின் நோட்டிலும் ஏறும். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா, செக்கிங் வேலை, இரண்டு பிள்ளைகள். எங்களிடம் குக்கரில் ஆரம்பித்துக் கட்டில், பீரோ வரை வாங்கியவர். கதவைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இந்த வாரம் கம்பெனியில வேலை இல்லண்ணே, அடுத்த வாரம் சேத்துத் தாரேன்" என்பார். அப்பா நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, "ஆகட்டும் அம்மிணி, ஐம்பதாவது இருக்குதுங்களா?" என்று கேட்பார். சில நாள் இருபது ரூபாய் வரும். அதையும் எழுதிக்கொண்டு கிளம்புவோம்.

அந்த அக்கா அதிகமாகக் கொடுத்த 500 ரூபாய் குக்கருக்கான விலை என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வாரம் என்று சொல்ல முடிவதற்கு அவர் கொடுத்த காசு அது. வாரச் சம்பளத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அந்த வசதி எவ்வளவு பெரியது என்பது ஒன்றாம் தேதி சம்பளம் கிரெடிட் ஆகிறவர்களுக்குப் புரிவது கஷ்டம். எனக்கும் அப்பாவின் வியாபாரம் நின்ற பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

நின்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011-க்குப் பிறகு அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. அதற்கு முன்னால் கலர் டிவி கொடுத்திருந்தார்கள். அப்பாவின் சரக்கில் அதிகம் ஓடுகிற ஐட்டமே மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும்தான். மக்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. அவர் மெத்தை, போர்வை, பிளாஸ்டிக் சேருக்கு மாறினார். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் செல்லாது என்றபோது கம்பெனிக்காரர்களே சம்பளத்துக்குச் சில்லறை இல்லாமல் தவித்தார்கள். எங்கள் நோட்டு முழுக்கக் கோடுதான். கடைசியாக கொரோனா. வங்கி, பைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு 2020 ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவும் அவகாசம் கொடுத்தார், அவர் நோட்டில் எதுவும் ஓடவில்லை. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், திரும்பி வந்தவர்கள் வேறு லைனில் குடியேறினார்கள். அப்பா வண்டியை விற்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தேனி அக்கா ஷோரூமுக்குப் போய் ஃபிரிட்ஜ் எடுத்தார். 16,500 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 1,375 வீதம் பன்னிரண்டு மாதம். வட்டி இல்லை என்று விற்பனைப் பையன் சொல்லியிருக்கிறான். தனியாக பிராசசிங் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பில்லில் இருந்தன. ரொக்கமாகக் கொடுத்தால் ஏதாவது குறைத்திருப்பார்கள், அதுவும் போயிற்று. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அதை வேறு கட்டணத்தில் மறைத்து வைக்கிறார்கள் என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஆனாலும் கணக்குப்படி என் அப்பாவைவிட ஷோரூம் எத்தனையோ மடங்கு மலிவு. அதை மறுக்க மாட்டேன். சிக்கல் தேதியில்தான். இஎம்ஐ ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். அக்காவுக்குச் சனிக்கிழமை சம்பளம், கையில் காசாக. ஒரு மாதம் கணக்கில் 1,200 இருந்தது. 175 ரூபாய் குறைவு. எடுக்க முடியாமல் இஎம்ஐ திரும்பிவிட்டது. பைனான்ஸ் பக்கம் ஓர் அபராதம், வங்கிப் பக்கம் ஓர் அபராதம். வங்கி தன் அபராதத்தை அந்த 1,200-லிருந்தே எடுத்துக்கொண்டதால், பைனான்ஸ்காரர்கள் மறுபடி எடுக்கப் பார்த்தபோது பற்றாக்குறை இன்னும் அதிகம். அதுவும் திரும்பியது. மறுபடி அபராதம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரெஃபரன்ஸுக்கு அக்கா என் நம்பரைக் கொடுத்திருந்தார். காலை எட்டு மணிக்கே போன் ஆரம்பித்துவிடும். "சார், அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு பெண். அடுத்து ஓர் ஆண் குரல், கொஞ்சம் மரியாதை குறைவாக. "சனிக்கிழமை கட்டிவிடுவார், நான் சொல்கிறேன்" என்றால், "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்" என்கிறார். கம்பெனி எதுவென்று எழுத மாட்டேன், எல்லாரும் ஒன்றுதான். கடைசியில் அக்கா குழுக் கடன் எடுத்து அதை அடைத்தார். மைக்ரோ பைனான்ஸ்காரர்களுக்கு வாரா வாரம் மீட்டிங். ஒருவர் கட்டவில்லை என்றால் மற்ற பெண்களைப் பிடித்து உட்கார வைப்பார்கள். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்திருக்கிறது. வாரத்துக்கு வாரம் மாறும் வருமானத்தை எந்தத் தாளில் எழுதிப் பாதி பார்க்கிறார்களோ தெரியவில்லை.

"உங்கப்பா இருந்தா ரெண்டு வாரம் பொறுத்திருப்பாருல்ல தம்பி" என்றார் அக்கா. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், வியாபாரத்தில் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

ஃபிரிட்ஜ் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் வயிறு எரிகிறது. அக்கா இருக்கும் லைனில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஓனர் பெயரில்தான் மின் இணைப்பு. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது அந்த எட்டுக் குடும்பத்தில் யாருக்கும் வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்குகிறார் அந்த மனுஷர். ஃபிரிட்ஜ் வந்ததும் "தண்ணிக்கும் சேர்த்து" என்று வாடகையில் வேறு ஏற்றினார். ஃபிரிட்ஜுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் இல்லை. நான் கேட்டேன், "அப்ப வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். ஏழைகள் இஎம்ஐயில் ஏமாறுகிறார்கள் என்று கவலைப்படுகிற யாராவது இதைப் பற்றியும் ஒரு கேள்வி போடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

கேட்டவருக்கு: உங்கள் வீட்டில் வேலை செய்பவரோ கடையில் வேலை செய்பவரோ தவணையில் ஏதோ வாங்கியதைப் பார்த்துத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. சேமிப்பைப் பற்றி அவருக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். உங்களால் முடிந்தால் அந்தப் பொருளுக்கு ரொக்கத்தை நீங்களே கொடுத்துவிட்டு, சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், வேலை இல்லாத வாரம் பிடிக்காமல் விடுங்கள். அது முடியாது, ஷோரூம் இஎம்ஐதான் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பணம் எடுக்கும் தேதியை அவர் சம்பள நாளுக்கு அடுத்து வைக்க முடியுமா என்று கூடப் போய்க் கேளுங்கள். அக்கா விஷயத்தில் இரண்டு தவணை போன பிறகு நான் கேட்டதற்கு மெயில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், ஃபிரிட்ஜ் கடனே முடிந்துவிட்டது, பதில் வரவில்லை.