அவர்கள் எத்தனை புள்ளி?

கேள்வி: வடமாநிலத்தார் நம் பக்கம் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்துவிட்டார்கள். அவர்களை ஒழுங்காகக் கணக்கெடுத்தால்தான் ஊரோடு சேர்க்க முடியும் என்று போன இதழில் எழுதினீர்கள். சேர்ப்பது எதற்கு, கணக்கெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதுதானே? - வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: ஆயிரக்கணக்கு என்கிறீர்களே ஐயா, அது யார் எடுத்த கணக்கு? நாட்டில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கு 2011. 2021இல் எடுக்க வேண்டியது தள்ளித் தள்ளி 2027க்குப் போய்விட்டது. நடுவில் வந்தவர்கள் உங்கள் வாயில் ஆயிரம், டீக்கடைப் பெஞ்சில் லட்சம். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அதுவும் இந்த மாதிரி வாய்க்கணக்குதான்.

காரைக்குடியில் ஓர் ஓட்டல் முதலாளியிடம் "அடுப்படியில் எத்தனை பசங்கண்ணே?" என்று கேட்டேன். "இருப்பாங்க, ஏழெட்டு" என்றார். அன்று இறங்கிய கோழியைக் கேட்டிருந்தால் கிராம் சுத்தமாகச் சொல்லியிருப்பார். சரி, எண்ணிப் பாருங்கள் என்றேன். உள்ளே போய்விட்டு வந்தவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. பதினொரு பேர், அதில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பையன்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஊர்களில் கல்யாணம் ஆனவன் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயில் வரி. வரி கொடுப்பதாலேயே அவனுக்கு ஊரில் பேச்சும் உண்டு. எண்ணுவது இங்கே விரட்டுவதற்கான வேலையாக இருந்ததே இல்லை. ஒடிசா கார்டை வைத்துக்கொண்டு நம் ரேஷன் கடையில் அரிசி வாங்கலாம், ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் கடைக்காரர் எத்தனை மூட்டை கேட்பார்? அப்புறம் ஒன்று, ஆதாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற பட்டியலைக் கணக்கு என்று என்னிடம் கொண்டு வராதீர்கள். பயந்தவன் பெயரையே மாற்றிச் சொல்வான்.

உங்கள் ஊரிலேயே கேளுங்கள், பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைக்கப் போன வீடுகள் எத்தனை என்று. 1931 கணக்கில் ரங்கூன் ஜனத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வந்தவன் நம் வேலையைப் பிடுங்குகிறான் என்று அங்கேயும் பேச்சு, கலவரம். 1939இல்தான் பாக்ஸ்டர் என்ற அதிகாரியை விசாரிக்க வைத்தார்கள். இந்தியத் தொழிலாளி பர்மியனைத் தள்ளிவிட்டு வேலைக்கு வந்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அவர் எழுதினார். எழுதி என்ன, அதற்குள் பகை ஊறிவிட்டது, 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் வட்டிக்கடைப் பேரேட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நம் ஆட்கள் காடு மலை என்று நடந்தார்கள்.

அடுத்த கடிதத்தில் உங்கள் தெருவில் எத்தனை பேர், எந்த ஊர், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். போடுகிறேன்.