வேலை அதிகம், கைகள் குறைவு

கேள்வி: எங்களுடையது சிறிய உயர்நிலைப் பள்ளி. நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனாலும் இடைவேளையில் வகுப்பு வகுப்பாகத்தான் நிற்கிறார்கள். ஆண்டு விழா முடிந்த மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. வகுப்பறைக்கு வெளியே இவர்களை எப்படி ஒன்றுசேர்ப்பது? (ஓர் ஆசிரியை)

பதில்: முதலில் ஒரு கணக்கு. உங்கள் 120 மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 7,140 இணைகள் வரும். அவற்றுள் ஒரே வகுப்பில் இருப்பவை 1,740 மட்டுமே. மீதமுள்ள 5,400 இணைகளுக்குப் பாடவேளையில் சந்திக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் சொல்லும் 'தெரியும்' என்பது முகம் தெரிவது. எதிரில் வந்தால் சிரிப்பதற்கு அது போதும். கணக்கு புரியாத சிறுவன் மேல்வகுப்பு அண்ணனைத் தேடிப் போவதற்குப் போதாது.

விழாவை நான் குறை கூறவில்லை. ஆனால் அதில் பெரும்பாலோர் பார்வையாளர்கள். உங்கள் பள்ளியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநில உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ரோஜர் பார்க்கரும் பால் கம்பும் 1964இல் வெளியிட்ட முடிவு இது: பெரிய பள்ளியில் செயல்பாடுகள் அதிகம் என்றாலும், பொறுப்பான இடத்தில் நின்று அவற்றை நடத்தும் வாய்ப்பு சிறிய பள்ளி மாணவருக்கே கூடுதலாகக் கிடைக்கிறது. காரணம் எளிது. வேலைகள் இருக்கின்றன, கைகள் குறைவு. ஆகவே யாரையும் ஒதுக்கிவைக்க இயலாது, படிப்பில் பின்தங்கியவரும் அங்கே தேவைப்படுகிறார்.

எனவே வகுப்புக்கு இருவர் வீதம் எட்டுப் பேர் கொண்ட 15 குழுக்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு முழுவதும் தொடரும் ஒரு வேலையைக் கொடுங்கள். நூலக இரவல் பதிவேடு, தோட்டம், ஒலிபெருக்கி, சுவர் இதழ், புதிதாகச் சேர்பவர்களுக்குத் துணை என்று தேடினால் வேலைகள் கிடைக்கும். வேலை உண்மையானதாக இருக்க வேண்டும். அதாவது, அவர்கள் செய்யாவிட்டால் அது நடக்காமல் நிற்க வேண்டும். விளையாட்டுப் பொருள் அறையின் சாவி கீழ்வகுப்புச் சிறுமியிடம் இருந்தால், பந்து வேண்டிய மேல்வகுப்பு மாணவர்கள் அவளைப் பெயர் சொல்லித் தேடிவந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிப்போக வேண்டியிருக்கும். அவள் ஒருநாள் சாவியை மறந்து வந்தால், தயவுசெய்து உங்கள் மாற்றுச் சாவியை எடுத்து நீட்டிவிடாதீர்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இதுதான் கடினம்.

கேள்வி: மாணவர்களை அணிகளாகப் பிரித்துப் புள்ளிகள் வழங்கினால் ஒற்றுமை வளராதா? (ஒரு தலைமையாசிரியர்)

பதில்: அணிக்குள் வளரும், அணிகளுக்கிடையே வளருமா என்பதுதான் சந்தேகம். 1954இல் ஓக்லஹோமாவில் நடந்த கோடை முகாம் ஒன்றில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிப் பரிசுக்காகப் போட்டியிட வைத்தார். ஒரு குழுவின் கொடியை மற்றது எரிக்கும் அளவுக்குப் பகை மூண்டது. (பிள்ளைகளுக்குத் தெரியாமல் பகையை மூட்டும் இப்படியொரு ஆய்வை இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள்.) அவர்களைச் சேர்த்து உட்காரவைத்து உணவு பரிமாறியும் பயனில்லை. தடைபட்ட குடிநீரைச் சரிசெய்வது, கிளம்ப மறுத்த லாரியைக் கயிறு கட்டி இழுப்பது போன்ற, ஒரு குழுவால் மட்டும் முடியாத வேலைகளைச் சேர்ந்து செய்தபோதுதான் பகை படிப்படியாகத் தணிந்தது. லாரியை இழுத்தது, முன்பு கயிறு இழுக்கும் போட்டியில் இரு குழுவும் எதிரெதிரே நின்று பிடித்த அதே கயிறு. போட்டி வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் அணிகளை அடிக்கடி கலைத்து மாற்றுங்கள்.

கேள்வி: என் மகள் யாரிடமும் பேசக் கூச்சப்படுவாள். இதிலெல்லாம் அவளைக் கட்டாயப்படுத்தலாமா? (ஒரு தாய்)

பதில்: மேடை ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நாடகத்தில் திரை இழுப்பவருக்கு வசனம் கிடையாது, ஆனால் ஒத்திகை தவறாமல் அவர் வந்தாக வேண்டும், ஒவ்வொரு நாளும் யாராவது அவரிடம் "இப்போது இழுக்கலாமா?" என்று கேட்டாக வேண்டும். அப்படியொரு வேலையைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள்.