நம்பர் கொடுக்காவிட்டால் பில் கிடையாதா?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்தான். மிக்சி, ஃபிரிட்ஜ்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

கே: கிரைண்டர் மாற்றலாமா என்று மனைவியிடம் பேசினேன். மாலையே இன்ஸ்டாகிராமில் கிரைண்டர் விளம்பரம். மைக் ஒட்டுக் கேட்கிறதா? (போரூர்)

ப: பேச்சோடு நிறுத்தியிருக்க மாட்டீர்கள், விலையும் பார்த்திருப்பீர்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற நிறுவனத்துடையவை. பல கடைகளின் இணையதளங்களில் அதன் மெட்டா பிக்சல் என்ற சிறு நிரல் உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தீர்கள் என்பதை அது மெட்டாவுக்குச் சொல்லிவிடும். ஒட்டுக் கேட்க அவசியமே இல்லை. மனசு ஆறாவிட்டால் மைக் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில், விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணும் விளம்பர ஐடியையும் அழித்துவிடலாம்.

கே: வாட்ஸ்அப்பை நம்ப முடியவில்லை. குடும்ப குரூப்பை டெலிகிராமுக்கு மாற்றுகிறோம். சரிதானே? (மயிலாப்பூர்)

ப: சரியில்லை. டெலிகிராம் குரூப்புக்கு முழு மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு, கிடையாது. இருவர் மட்டும் பேசும் 'சீக்ரெட் சாட்'டுக்குத்தான் உண்டு. வாட்ஸ்அப்பில் 2016 முதலே செய்தி பூட்டித்தான் போகிறது. என்ன பேசினீர்கள் என்று மெட்டாவுக்குத் தெரியாது. யாரிடம், எப்போது என்பது தெரியும். அதுவும் உறுத்தினால் சிக்னல் என்ற ஆப்புக்குப் போங்கள். நம்மூர் ஸோஹோவின் 'அரட்டை'யை 2025 செப்டம்பரில் எல்லோரும் விழுந்தடித்து இறக்கியபோது, அழைப்புகளுக்குத்தான் அந்தப் பூட்டு இருந்தது, செய்திகளுக்கு இல்லை. ஊர்ப்பாசத்தில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

கே: ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்மார்ட்வாட்ச். அதன் ஆப் கான்டாக்ட்ஸ் கேட்கிறது. கொடுக்கலாமா? (பெரம்பூர்)

ப: வேண்டாம். என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. நான் நடந்ததை எண்ண என் எஸ்.எம்.எஸ். எல்லாம் வேண்டுமாம். அலமாரியில் கிடக்கிறது. பக்கத்திலேயே ஒரு ஸ்மார்ட் பல்பு. அது எரிய என் லொகேஷன் வேண்டுமாம்.

கே: தி.நகரில் புடவை எடுத்தேன். நம்பர் சொல்லாவிட்டால் பில் வராது என்றார்கள், சொன்னேன். சில நாளில் ஃபேஸ்புக்கில் அதே கடை விளம்பரம். எப்படி? (குரோம்பேட்டை)

ப: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். கடைக்காரர் தன் வாடிக்கையாளர் நம்பர் பட்டியலை மெட்டாவில் ஏற்றலாம். அந்த நம்பர்களில் யாருக்குக் கணக்கு இருக்கிறதோ அவர்களுக்கு விளம்பரம் போகும். 'கஸ்டம் ஆடியன்ஸ்' என்று பெயர். விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, இது ஏன் எனக்கு வருகிறது என்று பாருங்கள்; பட்டியலில் இருந்து வந்திருந்தால் அங்கே தெரியும். இந்த ஆப் நல்லதா, அந்த ஆப் நல்லதா என்று மாதம் ஒன்றாக மாற்றுகிறீர்கள். எதில் சேர்ந்தாலும் அதே நம்பரைத்தானே கொடுக்கிறீர்கள்?

ஹேர்பின் வாங்கினாலும் நம்பர் கேட்கும் கடைகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்பர் இல்லாமல் பில் வராது என்பது சுத்தப் பொய். வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இலேயே சொல்லிவிட்டார்கள். உஸ்மான் ரோடு கவுன்டருக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. "நம்பர் தர மாட்டேன், பில் போடுங்க" என்று சொல்லிவிட்டு நகராமல் நில்லுங்கள். பின்னால் வரிசை நீண்டதும் சாஃப்ட்வேர் தானாகச் சம்மதிக்கும். பில் போடும் பெண்ணிடம் மட்டும் சத்தம் போடாதீர்கள். விதி அவர் போட்டதல்ல.

கே: சமூக ஊடகத்தில் பார்த்த குக்கருக்கு 1,899 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். பொருளும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இப்போது 'ரீஃபண்ட்' என்று ஓடிபி கேட்கிறார்கள். மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (தாம்பரம், வயது 68)

ப: அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. ஓடிபி, பின் எதையும் சொல்லாதீர்கள். ரீஃபண்டுக்கு அவை தேவையே இல்லை. இப்போதே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் போன ரசீதையும் அவர்கள் அழைத்த நம்பரையும் அழிக்காமல் வைத்திருங்கள். மகனிடமும் சொல்லுங்கள். திட்டினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கே: முகத்தை வயதாக்கிக் காட்டும் ஆப். எல்லாவற்றுக்கும் 'அலவ்' கொடுத்தேன். இப்போது அழித்துவிட்டேன். தப்பித்தேனா? (வேளச்சேரி)

ப: இல்லை. ஆப்தான் போனது, உங்கள் கான்டாக்ட்ஸில் இருந்து அது எடுத்துக்கொண்ட நம்பர்கள் திரும்பி வராது. உங்கள் கிழட்டு முகத்தைப் பார்க்க மாமியார் நம்பரையும் கொடுத்திருக்கிறீர்களே, அவரைக் கேட்டீர்களா?