நாள் முழுக்க வெயில் படும் வாசலில், பெரிய தொட்டிகளில் எந்தப் பூச்செடிகளைச் சேர்த்து நடலாம்?

வாசலின் இரண்டு பக்கமும் 18 அங்குலத் தொட்டி, காலை முதல் மாலை வரை வெயில் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மதுரை வெயிலில்தான் செடி வளர்க்கிறேன். அதனால் இங்கே தாக்குப்பிடிப்பதை மட்டும் சொல்கிறேன்.

நர்சரிக்குப் போனதும் கண் நிறத்தைத்தான் தேடும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை. காகிதப்பூவும் செம்பருத்தியும் ஒரே தொட்டியில் நின்றால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோடையில் செம்பருத்திக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். காகிதப்பூவுக்கோ மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால்தான் பூ கொத்துக் கொத்தாக வரும்; தினமும் ஊற்றினால் இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். ஒன்றுக்குப் பார்த்தால் இன்னொன்று கெடும்.

உங்கள் வாசலுக்கு என் தேர்வு இதுதான்: நடுவில் ராணி நிறக் காகிதப்பூ ஒன்று, அதைச் சுற்றி வெள்ளை நித்தியகல்யாணி நாலைந்து, விளிம்பில் வழிந்து தொங்க மஞ்சள் டேபிள் ரோஸ். மூன்றுமே வெயில் விரும்பிகள், மூன்றுக்கும் தண்ணீர் குறைவாகப் போதும். டேபிள் ரோஸ் காலை வெயில் ஏறியதும் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். அந்த நேரத்திலும் வெள்ளைப் பூக்கள் இருப்பதால் தொட்டி வெறிச்சோடாது. நித்தியகல்யாணியில் ஆடு வாய் வைக்காது என்பது தெருவோர வாசலுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் தண்ணீர் தேங்கினால் அதன் வேர் அழுகி, நேற்றுவரை பூத்த செடி துவண்டு விழும்.

தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது என்றால் வேறு கூட்டணி போடலாம். நடுவில் செம்பருத்தி, சுற்றிலும் கோழிக்கொண்டை, ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி. சந்தையில் வாங்கிய கிழங்கு முளைவிட்டாலே கொடி தயார். அவ்வப்போது நறுக்கிவிடாவிட்டால் தொட்டியையே மூடிவிடும். மழை ஓய்ந்த பிறகு கோழிக்கொண்டையை எடுத்துவிட்டுத் துலுக்கச் சாமந்தி வையுங்கள். இட்லிப்பூவும் அழகுதான், ஆனால் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரில் அதன் இலை வெளுத்து மஞ்சளாகிவிடும். அதனால் நல்ல தண்ணீர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மண்ணுக்கு, செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. காகிதப்பூத் தொட்டிக்குக் கோகோபீட்டைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மணல் சேருங்கள். அடியில் ஜல்லி கொட்டுவதால் வடிகால் அதிகமாகாது, மண்ணுக்கான இடம்தான் குறையும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்தால் போதும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். நம் ஊர் நர்சரிகளுக்குக் கோதாவரிக் கரையில் உள்ள கடியத்திலிருந்து நிறையச் செடிகள் வருகின்றன. கவரைக் கிழித்தால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை கல் மாதிரி இறுகியிருக்கும். அப்படியே நட்டால், ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் சுற்றியுள்ள இளகிய மண் வழியே இறங்கிவிடும். தொட்டி ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை ஊறவிட்டு, வெளிப்புறக் களிமண்ணை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். காகிதப்பூவின் வேர் மெல்லியது, அதற்கு மட்டும் ஊறவைத்தாலே போதும், உதிர்க்க வேண்டாம்.

அப்புறம், காகிதப்பூவில் முள் உண்டு. குழந்தைகள் ஓடும் வாசல் என்றால் நடைபாதைப் பக்கம் நீளும் கிளைகளை ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் வரும் புதுத் தளிரில்தான் அடுத்த பூ வரும்.