வாசகர் கேள்வி பதில்: 2026 உலகக் கோப்பை அரங்குகளைத் தேடிச் செல்வோருக்கு

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் 2026 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 16 நகரங்களில் நடைபெறுகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். நேரில் சென்று பார்க்கவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதியுள்ளோம்.

கேள்வி: இறுதிப் போட்டிக்கு எங்களுக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. ‘நியூயார்க் நியூ ஜெர்சி ஸ்டேடியம்’ என்று அதில் உள்ளது. வரைபடத்தில் அப்படியொரு மைதானம் தென்படவில்லை. நியூயார்க்கில் எந்தப் பகுதியில் அறை எடுத்தால் நடந்தே போகலாம்?

பதில்: எந்தப் பகுதியில் எடுத்தாலும் நடந்து போக முடியாது, அந்த மைதானம் நியூயார்க்கிலேயே இல்லை. ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டு என்னும் சிற்றூரில், 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெட்லைஃப் ஸ்டேடியத்தில்தான் ஜூலை 19 அன்று இறுதிப் போட்டி நடைபெறுகிறது. மைதானங்களுக்குச் சூட்டப்பட்டுள்ள நிறுவனப் பெயர்களை ஃபிஃபா தன் போட்டிகளின்போது பயன்படுத்துவதில்லை என்பதால், பெரும்பாலான அரங்குகள் அவை சார்ந்த பெருநகரத்தின் பெயராலேயே குறிக்கப்படுகின்றன. அந்தப் பெயரை நம்பி விடுதி பதிவு செய்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்று அஞ்சுவதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

டல்லஸ் என்று டிக்கெட்டில் இருந்தால் ஆட்டம் ஆர்லிங்டனில் நடக்கிறது. அது டல்லஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இடையில் உள்ள வேறொரு நகரம். பாஸ்டன் ஆட்டங்கள் ஃபாக்ஸ்பரோவில் நடக்கின்றன. அந்த ஊர் பாஸ்டனுக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகருக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், பிராவிடன்ஸில் தங்குவதும் நல்ல யோசனையே. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி என்பது சான்டா கிளாராவைக் குறிக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து அங்கே போக 60 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும், பக்கத்திலேயே இருக்கும் நகரம் சான் ஹோசே. லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டங்கள் இங்கிள்வுட்டிலும், மயாமி ஆட்டங்கள் மயாமி கார்டன்ஸிலும், மெக்சிகோவின் குவாதலஹாரா ஆட்டங்கள் சபோபானிலும், மான்டெரே ஆட்டங்கள் குவாதலூபேயிலும் நடைபெறுகின்றன. ஆகவே விடுதி தேடும்போது பெருநகரத்தின் புகழ்பெற்ற வீதியைப் பார்க்காமல், மைதானத்துக்குச் செல்லும் ரயில் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதைப் பார்த்து, அந்தப் பாதையை ஒட்டித் தங்குங்கள்.

உங்களைப் பொறுத்தவரை, மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனிலிருந்து செகாகஸ் சந்திப்புக்கு வந்து, அங்கே மைதானத்தை ஒட்டிய மெடோலேண்ட்ஸ் நிலையத்துக்குச் செல்லும் ரயிலுக்கு மாறுவதே வழக்கமான வழி. நியூவார்க் நகரிலிருந்தும் செகாகஸுக்கு ரயில்கள் உண்டு என்பதால், அங்கே அறை எடுத்தாலும் குறையில்லை. போட்டி நாள் ரயிலுக்கான பயணச்சீட்டு ஏற்பாட்டை அந்த ரயிலை இயக்கும் நியூ ஜெர்சி டிரான்சிட் நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்து, முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரயிலிலும் பேருந்திலும் மட்டுமே பயணம் செய்து எத்தனை அரங்குகளைப் பார்க்க முடியும்?

பதில்: அமெரிக்காவில் கார் இல்லாமல் எதுவும் நடக்காது என்று பலரும் சொல்வதைக் கேட்டு நீங்கள் மனம் தளர வேண்டாம். சரியான அரங்குகளைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பயணம் காரில் வருபவர்களின் பயணத்தைவிட நிம்மதியாகவே இருக்கும்.

எங்கள் முதல் பரிந்துரை அட்லாண்டா. ஹார்ட்ஸ்ஃபீல்ட்-ஜாக்சன் விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா என்னும் நகர ரயில் வருகிறது. அதில் ஏறி ஃபைவ் பாயின்ட்ஸ் நிலையத்தில் மேற்கே செல்லும் ரயிலுக்கு மாறினால், சிறிது நேரத்தில் அரங்கின் அருகிலேயே இறங்கிவிடலாம். 2017இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் கூரை எட்டு இதழ்களாக விரிந்து மூடும் அமைப்புடையது. அரையிறுதி ஒன்றும் அங்கே நடைபெறுகிறது. சியாட்டில் அதற்கு இணையானது: நகர மையத்தை ஒட்டியே மைதானம் நிற்கிறது, லிங்க் இலகு ரயிலும் நெடுந்தூர ரயில்கள் வந்து நிற்கும் கிங் ஸ்ட்ரீட் நிலையமும் நடக்கும் தொலைவில் உள்ளன. அதே கிங் ஸ்ட்ரீட்டிலிருந்து, அமெரிக்காவின் நெடுந்தூர ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கேஸ்கேட்ஸ் ரயிலில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் கனடாவின் வான்கூவரை அடையலாம். அங்கே பிசி பிளேஸ் அரங்கு, ஸ்கைட்ரெயின் என்னும் நகர ரயிலின் ஸ்டேடியம்-சைனாடவுன் நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பதாகச் சொல்லலாம். 2015 மகளிர் உலகக் கோப்பை இறுதியில் அமெரிக்கா ஜப்பானை 5-2 என்று வென்றது இங்கேதான். எல்லை கடப்பதற்கான ஆவணங்கள் கையில் இருந்தால், இந்த இரண்டு நகரங்களையும் இணைத்த பயணத்தைப் போல இன்பமான ஒன்றை இந்தப் போட்டியில் காண்பது அரிது.

கிழக்குக் கரையில் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா மூன்றும் ஒரே ஆம்ட்ராக் பாதையில் அமைந்துள்ளன. நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியா ஒன்றரை மணி நேரம்; அங்கே பிராட் ஸ்ட்ரீட் சுரங்க ரயிலின் தென்கோடி நிலையத்தில் இறங்கினால் மைதானம் எதிரே தெரியும். அமெரிக்கா விடுதலை அறிவித்து 250 ஆண்டுகள் நிறையும் ஜூலை 4 அன்று, அந்த அறிவிப்பு நிகழ்ந்த அதே நகரில் ஒரு நாக்-அவுட் ஆட்டம் நடைபெறுகிறது. அன்றைய கூட்டத்தை மனத்தில் வைத்து அறையை முன்பே பதிவு செய்யுங்கள். ஃபாக்ஸ்பரோவுக்குப் பாஸ்டனின் சவுத் ஸ்டேஷனிலிருந்து போட்டி நாள்களில் மட்டும் ஓடும் தனி ரயில் உண்டு. டொராண்டோவில் எக்சிபிஷன் நிலையத்துக்கு ‘கோ’ என்னும் புறநகர் ரயிலும், அதன் அருகே வரை டிராமும் செல்கின்றன. ஹூஸ்டனில் மெட்ரோவின் சிவப்புப் பாதை அரங்கின் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது.

கடினமானவை இரண்டு. ஆர்லிங்டனில் நகர ரயிலும் இல்லை, வழக்கமான தடப் பேருந்தும் இல்லை. டல்லஸ், ஃபோர்ட் வொர்த் இரு நகரங்களையும் இணைக்கும் ரயிலில் சென்டர்போர்ட் நிலையம் வரை வந்து, மீதித் தொலைவுக்குப் போட்டி நாள் பேருந்துகளை நம்பியிருக்க வேண்டும். கேன்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்துக்கும் ரயில் கிடையாது. ஆனால் இந்தப் போட்டியில் வேறெந்த அரங்கையும்விட அதிகமாக, ஒன்பது ஆட்டங்கள், ஆர்லிங்டனில்தான் நடக்கின்றன என்பதால் அதை முற்றிலும் ஒதுக்கவும் மனம் வராது. ஆட்டம் முடிந்த பின் திரும்பும் வழியை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு டிக்கெட் வாங்குங்கள்.

கேள்வி: மைதானத்துக்கு மிக அருகில், முதல் வரிசைகளில் அமர்ந்தால்தானே ஆட்டத்தை நன்றாகப் பார்க்க முடியும்?

பதில்: இந்தப் போட்டியில் பெரும்பாலான அமெரிக்க அரங்குகளுக்கு அது பொருந்தாது. அவை அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டப்பட்டவை. அந்த ஆட்டத்தின் களம் ஏறத்தாழ 49 மீட்டர் அகலமே கொண்டது. நம் கால்பந்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் தேவை. கூடுதல் அகலத்தைப் பெறுவதற்காக மெட்லைஃப் போன்ற அரங்குகளில் மூலைகளில் இருந்த இருக்கைகளை அகற்றினார்கள். ஆர்லிங்டனில் தரையையே உயர்த்த வேண்டியிருந்தது. இதன் விளைவாக முதல் சில வரிசைகளில் அமர்பவர்கள் களத்தின் மட்டத்துக்கு அருகிலேயே இருப்பார்கள். விளம்பரப் பலகைகளும், பயிற்சியாளர்களும், எல்லைக் கோட்டின் ஓரத்தில் உடலைச் சூடாக்கிக்கொள்ளும் மாற்று வீரர்களும் பார்வையை மறைப்பார்கள். வீரர்களின் முகத்தை அருகில் காண்பது மட்டுமே நோக்கம் என்றால் அந்த இடம் சரி. ஆட்டத்தின் அமைப்பை, தடுப்பாட்ட வரிசை எப்படி முன்னேறிப் பின்வாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், கீழடுக்கின் மேல் வரிசைகளோ இரண்டாம் அடுக்கின் முன் வரிசைகளோ மேலானவை. விலையும் பெரும்பாலும் குறைவு. கோலுக்குப் பின்னால் அமர்வது ஆரவாரத்தை விரும்புபவர்களுக்கு உரியது. குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்கிறோம். வெயில் குறித்துக் கவலையாக இருக்கிறது. எந்த அரங்குகள் அவர்களுக்கு ஏற்றவை?

பதில்: உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. கூரையும் குளிர்சாதன வசதியும் சேர்ந்திருக்கும் அரங்குகள் அட்லாண்டா, ஹூஸ்டன், ஆர்லிங்டன் ஆகிய மூன்றும்தான். பெற்றோருடன் செல்பவர்கள் இவற்றில் ஒன்றையே தேர்ந்தெடுக்கட்டும். வான்கூவரில் திறந்து மூடும் கூரை இருப்பதோடு கோடையும் மிதமானது. லாஸ் ஏஞ்சலஸின் சோஃபை ஸ்டேடியம் விமான நிலையத்துக்கு வந்திறங்கும் விமானங்களின் பாதையில் அமைந்திருப்பதால், உயரம் கூடாதபடி களத்தைத் தரைமட்டத்துக்குச் சுமார் 30 மீட்டர் கீழே தோண்டி அமைத்தார்கள். ஒளி ஊடுருவும் கூரை தலைக்கு மேலே உண்டு, ஆனால் பக்கங்கள் திறந்தவை, குளிர்சாதனம் இல்லை. மயாமியில் கூரை இருக்கைகளுக்கு நிழல் தரும், புழுக்கத்தைக் குறைக்காது. கேன்சஸ் சிட்டி, பிலடெல்பியா, ஃபாக்ஸ்பரோ, ஈஸ்ட் ரதர்ஃபோர்டு அரங்குகளில் பெரும்பாலான இருக்கைகள் திறந்த வானத்தின் கீழே உள்ளன. இறுதிப் போட்டி அங்குள்ள நேரப்படி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். வீரர்களுக்காக ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் அருந்தும் இடைவேளை விடப்படும். உங்கள் பெற்றோர் தண்ணீர் குடிக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

வெயிலோடு இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் மைதானத்திலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்குள் மின்னல் வெட்டினால் ஆட்டத்தை நிறுத்துவது வழக்கம்; கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழிந்த பிறகே ஆட்டம் தொடரும், இடையில் மறுபடி மின்னினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். 2025 கிளப் உலகக் கோப்பையில் சார்லட் நகரில் நடந்த செல்சி-பென்ஃபிகா ஆட்டம், முடிய சில நிமிடங்களே இருந்தபோது இப்படி நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே தொடர்ந்தது. ஆகையால் திறந்தவெளி அரங்குக்குச் செல்லும் நாளில் கடைசி ரயிலையோ இரவு விமானத்தையோ நம்பித் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஓர் அரங்குக்குத்தான் செல்ல முடியும் என்றால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றி மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா. புதிய அரங்குகளில் இருக்கை சுகமாக இருக்கும், திரை பெரிதாக இருக்கும்; ஆனால் 1966இல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தில் நிகழ்ந்தவை வேறெங்கும் நிகழ்ந்ததில்லை. 1970இல் பெலேயின் பிரேசில் இத்தாலியை 4-1 என்று வென்று கோப்பையை ஏந்தியது இங்கே. அதற்குச் சில நாள் முன்பு இத்தாலியும் மேற்கு ஜெர்மனியும் கூடுதல் நேரத்தில் ஐந்து கோல்கள் விழ 4-3 என்று முடித்த அரையிறுதியும் இங்கேதான். அதன் நினைவாக அரங்கில் ஒரு கல்வெட்டும் பதித்துள்ளார்கள். 1986 ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் தட்டிய கோலும், அடுத்த சில நிமிடங்களில் பாதி மைதானத்தைக் கடந்து எதிரணியினரை ஒவ்வொருவராக ஏமாற்றி அடித்த கோலும் விழுந்த புல்தரை இது. ஆடவர் உலகக் கோப்பையை மூன்றாவது முறையாகக் காணும் முதல் மைதானமும் இதுவே. தொடக்க ஆட்டம் ஜூன் 11 அன்று இங்கே நடைபெறுகிறது.

செல்வதற்கு மெட்ரோவின் இரண்டாம் பாதையில் கடைசி நிலையமான தாஸ்கேன்யா வரை வந்து, அங்கிருந்து இலகு ரயிலில் ஏற வேண்டும். நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் படியேறும்போதே மூச்சு வாங்கும். ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பே போய்ச் சேர்ந்து, உடலை அந்தக் காற்றுக்குப் பழக்குங்கள்; இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: என்ன பை கொண்டுபோகலாம்?

பதில்: அமெரிக்க அரங்குகளில் வழக்கமான விதி, 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், 6 அங்குல ஆழத்துக்கு மிகாத, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை, அதோடு உள்ளங்கை அளவிலான சிறு பணப்பை ஒன்று. முதுகுப்பையை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். பெரும்பாலான அரங்குகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். டிக்கெட் கைபேசியில்தான் இருக்கும் என்பதால் அதற்கு மின்னேற்றும் பவர் பேங்க்கையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: டிக்கெட் இருந்தால் மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா போதுமா?

பதில்: போதாது. மூன்று நாடுகளும் தனித்தனியே தங்கள் விதிகளின்படிதான் அனுமதிக்கின்றன. டிக்கெட் எந்த நாட்டு விசாவுக்கும் ஈடாகாது. டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நேர்காணல் தேதியை விரைவாகத் தர அமெரிக்கா ஓர் ஏற்பாடு செய்துள்ளது. அதனால் நேர்காணல் விரைவில் கிடைக்குமே தவிர, விசா உறுதியாகிவிடாது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் மெக்சிகோவுக்குச் சுற்றுலாவாகச் செல்லத் தனி விசா தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாத நன்மை. கனடாவுக்கு அப்படிப் பொதுவான சலுகை இல்லை, உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்பதைத் தனியே பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வெளியே போய்த் திரும்பி வரும் திட்டம் இருந்தால், உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்பதை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஒருமுறை நுழைவுக்கான விசாவுடன் முதலில் அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்டு, அங்கிருந்து அஸ்டெக்காவின் தொடக்க ஆட்டத்துக்குப் போய்விட்டால், அதன் பிறகு அட்லாண்டாவுக்கு வாங்கிய டிக்கெட் பயன்படாமல் போகக்கூடும்.