எட்டு அடி, பன்னிரண்டு படம், ஒரு மரம்: நிதானமாகப் படிக்கவும் பார்க்கவும் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): வணக்கம் அக்கா. புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கை தானாகப் போனுக்குப் போகிறது. நாவல்கள் எல்லாம் பாதியில் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாவல்களைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். குறுந்தொகையை எடுங்கள். பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். நாளைக்கு ஒரே பாட்டு, 20 நிமிடம். போனைக் கவிழ்த்து வைத்தால் போதாது, அடுத்த அறையில் இருக்கட்டும்.

பதிப்புகளில் 'தோழி கூற்று', 'தலைவி கூற்று' என்று பேசுபவர் யார் என்ற குறிப்பு இருக்கும். அதையும் உரையையும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். முதல் தடவை வாய்விட்டுப் படியுங்கள், பொருள் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாக இருந்தால் நாக்கு தடுக்காது. இரண்டாம் தடவை மரம், பறவை, நிலம், பொழுது எதைக் குறித்தாலும் அந்தச் சொல்லின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். மூன்றாம் தடவை, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று நீங்களே ஊகித்து ஓரத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு காகிதத்தை எடுக்கலாம். ஊகம் தப்பினால் இன்னும் நல்லது. எந்தச் சொல்லைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பாட்டுக்குள் மறுபடி போவீர்கள்.

இது பெரும்பாலும் இரண்டு இடத்தில் கெடும். உரையை முதலில் படித்துவிட்டால் பாட்டு வெறும் சுருக்கமாகிவிடும். முதல் நாள் உற்சாகத்தில் பத்துப் பாட்டுப் படிப்பவர்கள் நான்காம் நாள் நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி (சென்னை): மூணாவது மாடி ஃப்ளாட் மேடம். எதிரில் இன்னொரு ஃப்ளாட், பக்கத்தில் ஒரு காலி மனை, ரோட்டோரம் ரெண்டு மரம். இதில் கவனிக்க என்ன இருக்கு?

பதில்: காலி மனை இருக்கிறதே! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அவற்றில் கருவிளை (நம் சங்குப்பூ), ஆவிரை, தும்பை மூன்றும் இன்றைக்கும் யாரும் கவனிக்காத மனைகளிலும் வேலியோரங்களிலும் வளர்பவை. முதலில் அந்த மூன்றைத் தேடுங்கள். கொன்றையை அவர் 'தூங்கிணர்க் கொன்றை' என்கிறார். தூங்கு இணர் என்றால் தொங்கும் கொத்து. சித்திரையில் சரக்கொன்றைக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கொத்தின் மேல்பக்கம் பூ விரிந்திருக்கும், கீழ் நுனியில் இன்னும் மொட்டாகவே இருக்கும். ஒரு சொல்லை நிறுத்திப் படித்தவர்களுக்குத்தான் அண்ணாந்து பார்க்கத் தோன்றும். அதனால்தான் படிப்பதையும் பார்ப்பதையும் தனித்தனிப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

ரோட்டோர மரங்களில் ஒன்று பூவரசாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் பூ காலையில் வெளிர்மஞ்சளாக இருக்கும், சாயங்காலத்துக்குள் செம்மை ஏறி வாடும். ஒரே பூவைக் காலை 7, மதியம் 1, மாலை 5 மணிக்குப் பாருங்கள். வேம்பாக இருந்தால் பங்குனியில் பூவுக்காகக் காத்திருங்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், அதற்குக் கீழே மூன்று வரி: நேற்றிலிருந்து மாறியது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று, எண்ணிக்கை ஒன்று. 'மரம் அழகாக இருந்தது' என்ற வரி அடுத்த வருடம் எதற்கும் உதவாது. 'கிழக்குக் கிளையில் 4 மொட்டு, 2 பூ. கீழே தவிட்டுக்குருவி 7' என்ற வரியை அடுத்த வருடத்தோடு ஒப்பிடலாம்.

கேள்வி (கோவை): செம்பைத் தட்டுகிற மாதிரி 'டுக் டுக்' என்று ஒரு சத்தம் வெயில் நேரத்தில் கேட்கிறது. எவ்வளவு தேடினாலும் ஆளைக் காணோம்.

பதில்: செம்மார்புக் குக்குறுவான். கத்தும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும், அதனால் சத்தம் இடம் மாறுவது போல் ஏமாற்றும். இலைகளுக்குள் தேடாதீர்கள். மரத்தின் உச்சியில் இலையில்லாத குச்சியைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு.

கேள்வி (மதுரை): அக்கா, வாக்கிங் போனால் போனில் 150 படம் எடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றைக்கூடத் திரும்பப் பார்ப்பதில்லை.

பதில்: ஒரு நடைக்கு 12 படம் என்று வரம்பு வையுங்கள். 35 மி.மீ. ஃபிலிம் ரோலில் 36தான் வரும், அதில் மூன்றில் ஒரு பங்கு. ஏரோப்ளேன் மோடு, ஜூம் கூடாது, எடுத்ததை உடனே திறந்து பார்க்கக் கூடாது, அழிப்பதும் மறுநாள்தான்.

பட்டனை அழுத்துவதற்கு முன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு ஃபிரேமின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்று பாருங்கள். பாதிப் படங்கள் கெடுவது மூலையில் நுழைந்த கரண்ட் கம்பியாலும் பைக் கண்ணாடியாலும்தான். கடைசியாக ஓரடி முன்னால் வையுங்கள். பன்னிரண்டும் தீர்ந்துவிட்டால் போன் பைக்குள் போகட்டும், நடையைத் தொடருங்கள். எடுக்க முடியாமல் போன பதின்மூன்றாவது காட்சியைத்தான் பெரும்பாலும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பீர்கள். வாரம் ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் இடமும் தேதியும் எழுதுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): அம்மா போடும் கோலங்களை எடுக்கிறேன். எல்லாம் தட்டையாக, வெளுத்து வருகிறது.

பதில்: நேரம்தான் காரணம். வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டால் மாவுக்கோட்டுக்கு நிழல் விழாது. சூரியன் எழுந்த முதல் அரைமணியில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். இழையின் மேடும் விரல் நடுங்கிய இடமும் தெரியும். திரையில் கோலத்தின் வெள்ளையைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள், பிறகு அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். முழுக்கோலம் வேண்டுமென்றால் போனைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள், சாய்த்தால் வட்டம் முட்டையாகிவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் படத்துக்குள் வரும், பக்கம் மாறி நில்லுங்கள்.

எடுப்பதற்கு முன் புள்ளிகளை எண்ணுங்கள். நேர்ப்புள்ளியா (ஒன்றுக்கு நேராக ஒன்று), இடைப்புள்ளியா (இரண்டுக்கு இடையில் ஒன்று)? சிக்குக் கோலம் என்றால் ஒரு முனையைக் கண்ணால் பிடித்துச் சுற்றி வாருங்கள். ஒரே இழையில் முடிகிறதா, இரண்டு மூன்று இழைகள் பின்னியிருக்கின்றனவா என்று பார்க்கவே ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் எடுத்த கோலப்படம் எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): பழைய ஃபிலிம் கமரா ஒன்று வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். பின்மூடியைத் திறந்து ஓரத்துக் கருப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் வெளிச்சம் கசியும், ஆனால் அதை மாற்றிக்கொள்ளலாம். நம் ஈரக்காற்றுக்குத் தோல் உறை ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாவிட்டாலும் சமாளிக்கலாம்: நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) எண்ணுக்கு அருகில். 400 ஃபிலிமுக்கு 1/500 வினாடி.

கேள்வி (சேலம்): தெருவில் ஆட்களை எடுக்கலாமா?

பதில்: கேட்டுவிட்டு எடுங்கள். 'ஒரு படம் எடுத்துக்கட்டுமாண்ணே?' என்றாலே போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பெற்றவர்கள் அனுமதி இல்லாமல் குழந்தைகளை எடுக்காதீர்கள். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வீடு, வேலை, பிள்ளைகள். எனக்கென்று இருப்பது பஸ்ஸில் போகும் நாற்பது நிமிடம்தான்.

பதில்: அது தாராளம். ஒரு வாரம் முழுக்க ஒரே பக்க ஜன்னல், தேடுவதும் ஒன்றே ஒன்று: கையால் எழுதிய கடைப் பலகைகள். ஃப்ளெக்ஸா கையெழுத்தா என்று சந்தேகம் வந்தால், ஒரே பலகையில் இரண்டு முறை வரும் எழுத்தைப் பாருங்கள். 'க' இரண்டும் அச்சு அசலாக இருந்தால் கம்ப்யூட்டர். ஒன்றின் வளைவு கொஞ்சம் தடித்திருந்தால் அது பிரஷ். திங்கட்கிழமை எத்தனை கண்டீர்கள், வெள்ளிக்கிழமை எத்தனை என்று குறித்து வையுங்கள். பலகைகள் மாறியிருக்காது, எண்ணிக்கை கூடியிருக்கும்.