கருவி செய்தவர் விஞ்ஞானி இல்லையா?

கேள்வி: எங்கள் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் ஒரு மாணவி, இந்தியாவின் அன்னா மணியைப் பெரிய வானிலை விஞ்ஞானி என்று புகழ்ந்தாள். கலாநிதிப் பட்டம்கூட இல்லாதவர், கருவி செய்தவர். மிகைப்படுத்தல் என்று புள்ளி குறைத்தேன். சரிதானே?
– ஆசிரியர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: சரியில்லை ஐயா. குறைத்த புள்ளியை முதலில் போட்டுவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

பட்டம் ஏன் கிடைக்கவில்லை என்று விசாரித்தீர்களா? பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தவர் அவர். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை ஒன்று புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணித்தியாலம் பிடிக்கும். அதனால் பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே படுக்கை. 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார், ஆய்வேட்டையும் ஒப்படைத்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று காரணம் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்துவிட்டது. இது பல்கலைக்கழகத்தின் குறை. அந்த மாணவி ஏன் அதற்குப் புள்ளி இழக்க வேண்டும்?

சரி, கருவிக்கு வருவோம். 1945இல் அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனது பௌதிகவியல் படிக்கத்தான். கிடைத்ததோ வானிலைக் கருவிப் பயிற்சி. அதில் முழுமூச்சாக இறங்கினார். 1948இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரண வெப்பமானிக்கும் வெளிநாட்டைப் பார்த்திருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். பிழையான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். ஒரே அமுக்கத்தை ஒரு நிலையத்துப் பாரமானி ஒரு மாதிரியும் அடுத்த நிலையத்துப் பாரமானி வேறு மாதிரியும் காட்டினால், வங்கக் கடலில் தாழமுக்கம் எங்கே நிற்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் அடிபட்ட மட்டக்களப்பில் இருந்துகொண்டு "கருவி செய்தவர்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980, 1981ஆம் ஆண்டுகளில் இரண்டு நூல்களாகத் தந்தார். காற்றாலைக்குத் தோதான இடங்களைக் கண்டறிய நாடெங்கும் காற்றை அளக்கும் பணியை முன்நின்று நடத்தினார். காற்றின் வேகத்தையும் சூரிய சக்தியையும் அளக்கும் கருவிகளைச் செய்ய, பெங்களூரில் ஒரு சிறு தொழிற்கூடமும் வைத்திருந்தார்.